வயிற்று வரிக்கு மருந்து தேடும் சகோதரிகளுக்கும் அதை விற்பவர்களுக்கும்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். பெண்கள் விஷயம்தானே என்று ஆண்கள் தாண்டிப் போக வேண்டாம். கிறீமுக்குக் காசு அனுப்புவதும் பல வீடுகளில் இந்தப் பேச்சை ஆரம்பித்து வைப்பதும் நீங்கள்தான்.

கர்ப்ப காலத்தில் வயிற்றிலும் தொடையிலும் மார்பிலும் விழுகின்ற வரிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். டொக்டர்மார் ஸ்ட்ரெச் மார்க்ஸ் என்று சொல்வார்கள். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எந்த ஊர் பேஸ்புக் குரூப்பைத் திறந்தாலும் இதற்கு ஒரு விளம்பரம் கிடக்கிறது. "15 நாளில் வரி மறையும்", "100% ரிசல்ட்", "பக்கவிளைவு இல்லை", "விலைக்கு இன்பொக்ஸ் வாங்க". கீழே சகோதரிகள் வரிசையாக "விலை?", "விலை?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர் மிகக் குறைவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வரிகளை முழுதாக அழிக்கிற கிறீம் உலகத்தில் எங்கும் இல்லை. சில சிகிச்சைகள் வரியை ஓரளவு மங்கச் செய்யும். அவற்றைச் செய்ய வேண்டியவர் தோல் வைத்திய நிபுணர். எங்கள் ஊர்களில் பெயரில்லாத டப்பாக்களில் விற்கப்படும் கிறீம்களில் சில, இல்லாத வரியையும் புதிதாக உண்டாக்கக்கூடியவை. ஆகவே லேபிள் இல்லாத எதையும் வயிற்றிலும் தொடையிலும் பூசாதீர்கள். கீழே காரணங்களைச் சொல்கிறேன்.

*வரி ஏன் விழுகிறது?*

எங்கள் தோலில் மேல்தோல், அதற்குக் கீழே அடித்தோல் என்று படைகள் இருக்கின்றன. அடித்தோலில் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்கள் வலை போலப் பின்னிக் கிடக்கும். தோலுக்குப் பலமும் இழுபடும் தன்மையும் அவற்றால்தான். உடம்பு வேகமாகப் பெருக்கும்போதும், உடம்பில் சுரக்கும் சில ஹோர்மோன்கள் கூடும்போதும் அந்த நார்கள் அறுபடுகின்றன. ஆரம்பத்தில் வரி சிவப்பாக அல்லது ஊதா நிறமாக இருக்கும், சிலருக்கு அரிக்கும். மாதங்கள் போகப் போக அந்தச் சிவப்பு தானாகவே குறைந்து, வெள்ளை அல்லது வெள்ளி நிறத்துக்கு மாறும். அதுதான் ஆறிய தழும்பு.

மருதமுனைக் கைத்தறிச் சாரியில் உள்ளிழை அறுந்துபோனால் மேலே சாயம் பூசிச் சரிக்கட்ட முடியாது என்று எங்கள் ஊர் நெசவாளிகளுக்குத் தெரியும். தோலும் அப்படித்தான். மேலே பூசுகிற எண்ணெய் அடித்தோலில் அறுந்த நாரைத் தைக்காது.

விளம்பரத்தில் "முன்பு, பின்பு" என்று இரண்டு படம் போடுகிறார்களே, அதையும் இங்கே யோசித்துப் பாருங்கள். சிவப்பு வரி ஒன்றும் பூசாமலே மங்கும். பிள்ளை பிறந்த உடனே ஒரு படமும் பல மாதம் கழித்து, வேறு வெளிச்சத்தில், இன்னொரு படமும் எடுத்தால் வெறும் தண்ணீரைப் பூசினாலும் வித்தியாசம் தெரியும்.

*யாருக்கு வருகிறது?*

கர்ப்பிணித் தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வருகிறது. பெரும்பாலும் ஆறாம் ஏழாம் மாதத்துக்குப் பிறகு தெரிய ஆரம்பிக்கும். உம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். இளம் வயதில் கர்ப்பமாகிறவர்களுக்கும், நிறை வேகமாகக் கூடுகிறவர்களுக்கும், வயிற்றில் பிள்ளை பெரிதாக இருப்பவர்களுக்கும் கூடுதலாக வரும். எண்ணெய் பூசாத குற்றத்துக்காக யாருக்கும் வருவதில்லை.

கலியாணம் முடிக்காத பிள்ளைகளுக்கும் இது வரும். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதின்ம வயதில் உடம்பு வேகமாக வளரும்போது பெண் பிள்ளைகளுக்குத் தொடை, இடுப்பு, மார்பு ஆகிய இடங்களிலும், ஆண் பிள்ளைகளுக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் குறுக்காகவும் வரி விழுவது சாதாரணம். ஜிம்முக்குப் போய் உடம்பை வேகமாக ஏற்றுகிற தம்பிமாருக்கும் தோளில் வரும்.

பத்தாம் தரத்தில் படித்த ஒரு பிள்ளை, வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து கேட்டது: "டீச்சர், எனக்குத் தொடையில கோடு கோடா வந்திருக்கு. கலியாணம் பேசுற நேரம் தப்பா நினைப்பாங்களா?" பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும்தான் வரி வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, உம்மாவிடம்கூடச் சொல்லாமல், பெருநாள் காசில் ஒரு டப்பா வாங்கிப் பூசிக்கொண்டிருந்தது. டப்பாவைப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக், மேலே ஒரு பூப்படம். தயாரித்த ஊர் இல்லை, திகதி இல்லை, என்ன சேர்த்திருக்கிறது என்றும் இல்லை. பயத்தை விலை கொடுத்து வாங்கியிருந்தது அந்தப் பிள்ளை. இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று நினைத்தது அதற்குப் பிறகுதான்.

*பூசுகிற எண்ணெய்களின் கதை*

கொக்கோ பட்டர், ஒலிவ் ஒயில், தேங்காயெண்ணெய், விற்றமின் ஈ என்று பல பெயர்கள். கர்ப்பிணிகளுக்குக் கொக்கோ பட்டர் கொடுத்து, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் கிறீம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். லெபனானில் செய்த ஆய்வு 2008இலும், ஜமைக்காவில் செய்த ஆய்வு 2010இலும் வெளியாகின. இரண்டிலும் பலன் இல்லை. ஒலிவ் எண்ணெயை ஈரானில் பரிசோதித்தார்கள். அதிலும் வரி விழுவது குறையவில்லை. 2012இல் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள், 800 பெண்கள் பங்குபற்றிய 6 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, கர்ப்ப காலத்தில் வரி விழாமல் தடுக்கும் என்று சொல்லத்தக்க பூச்சு எதற்கும் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். வல்லாரைச் சாறு கலந்த ஒரு களிம்பு முன்பே வரி விழுந்திருந்த சில பெண்களுக்கு உதவியதாக ஒரு சிறிய ஆய்வு உண்டு. ஆனால் அதில் வேறு பொருட்களும் சேர்ந்திருந்தன. பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"ஸைத்தூன் பரக்கத்தான மரமல்லவா டீச்சர்" என்று சிலர் கேட்பீர்கள். ஆம், குர்ஆன் அதைப் பரக்கத்தான மரம் என்கிறது. 15 நாளில் வயிற்று வரியை அழிக்கும் என்று சொன்னது போத்தலை விற்கிறவர். அவருடைய வியாபாரத்துக்கு மார்க்கத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

எண்ணெய் பூசுவது வீண் என்று நான் சொல்லவில்லை. தோல் வரண்டு அரிக்கும்போது நல்ல தேங்காயெண்ணெய் தடவினால் இதமாக இருக்கும். மூத்தம்மா மெதுவாகத் தடவிவிடுகிற சுகமே வேறு. அதற்கு வீட்டிலிருக்கிற எண்ணெய் போதும். ஒரு போத்தல் 3,500 ரூபா என்று வைத்து மாதம் ஒன்று வாங்கினால் 6 மாதத்துக்கு 21,000 ரூபா. அந்தக் காசுக்குக் கர்ப்பிணித் தாய்க்கு எத்தனை நாள் முட்டையும் மீனும் பழமும் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

*டொக்டரிடம் என்ன வழி இருக்கிறது?*

1. ட்ரெட்டினோயின் என்ற மருந்துக் கிறீம். சிவப்பாக இருக்கும் புது வரிகளுக்கு ஓரளவு உதவும். 1996இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 24 வாரம் பூசிய பிறகு வரியின் நீளம் சராசரியாக 14 சதவீதம்தான் குறைந்தது. வெள்ளையாகிப் போன பழைய வரிகளில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. தோல் எரியும், சிவக்கும். முக்கியமான விஷயம்: கர்ப்பமாக இருக்கும்போதும், கர்ப்பத்துக்கு முயற்சிக்கும்போதும் இதைத் தொடக் கூடாது. பாலூட்டுகிற தாய்மார் டொக்டரிடம் கேட்காமல் பூசக் கூடாது.

2. லேசர். சிவப்பு வரிக்கு ஒரு வகை, வெள்ளை வரிக்கு இன்னொரு வகை. ஒரு தடவையோடு முடியாது, பல தடவை போக வேண்டும். தனியார் நிலையங்களில் ஒவ்வொரு தடவைக்கும் காசு. எங்களைப் போன்ற மாநிறத் தோலுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. சூடு பட்ட இடம் கறுத்துப் போகலாம். அனுபவமுள்ள தோல் வைத்திய நிபுணர் இல்லாமல், பியூட்டி பார்லரில் இதைச் செய்யாதீர்கள்.

3. நுண்ணூசிச் சிகிச்சை. மெல்லிய ஊசிகளால் தோலில் குத்தி, புதுக் கொலாஜன் வளரத் தூண்டுவது. லேசரைவிடக் கறுக்கும் வாய்ப்பு குறைவு. பலன் ஆளுக்கு ஆள் மாறும். ஒன்லைனில் உருளை வாங்கி வீட்டில் குத்திக்கொண்டால் கிருமி தொற்றும்.

4. வயிற்றுத் தோலை வெட்டித் தைக்கும் சத்திரசிகிச்சை. வெட்டி எடுத்த தோலில் இருந்த வரி மட்டும் போகும். மற்றது இருக்கும். வெட்டிய தழும்பு புதிதாகச் சேரும். வரிக்காக மட்டும் இதைச் செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இவை எல்லாவற்றிலும் எதிர்பார்க்கக் கூடியது மங்குவதுதான். முழுதாக மறையும் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

*டப்பாவுக்குள் என்ன?*

இனித்தான் நான் பயப்படுகிற விஷயம்.

வெள்ளையாக்கும் கிறீம், வரி போக்கும் கிறீம், தொடை இடுக்குக் கறுப்புக்குக் கிறீம் என்று ஒரே பக்கத்தில் விற்கிறார்கள். இப்படிப்பட்ட கிறீம்களில் வேகமாக ரிசல்ட் காட்டுவதற்காக ஸ்டீரொயிட் மருந்து சேர்க்கப்படுவது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்ட மோசடி. பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்றவை அவை. டொக்டர் குறிப்பிட்ட நாளைக்கு, குறிப்பிட்ட இடத்துக்கு எழுதித் தந்தால் நல்ல மருந்துகள்தான். மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்து போகும், இரத்தக் குழாய் வெளியே தெரியும், வரி விழும். தொடை இடுக்கு, அக்குள் போன்ற மெல்லிய இடங்களில் இன்னும் சீக்கிரம் விழும். வரியைப் போக்க வாங்கிய கிறீமே நிரந்தரமான வரியைத் தந்துவிட்டுப் போகும்.

இது பெண்களோடு மட்டும் நிற்பதில்லை. தொடை இடுக்கில் படை வந்தால் பார்மசியில் "ஒரு கிறீம் தாங்க" என்று வாங்கி, ஸ்டீரொயிட் கலந்ததை மாதக் கணக்கில் பூசுகிற ஆண்களுக்கும் இதே கதைதான். படையும் போகாது, வரியும் விழும்.

அடுத்தது பாதரசம். வெள்ளையாக்கும் கிறீம்களில் கலப்பார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் துவாய், தலையணை வழியாகப் போய்ச்சேரலாம். பாகிஸ்தான் கிறீம் என்றால் தரமானது என்று எங்கள் ஊர்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நாட்டின் காலநிலை மாற்ற அமைச்சே 59 வகை வெள்ளையாக்கும் கிறீம்களைச் சோதித்தது. அவற்றில் 56இல், அனுமதித்த அளவான 1 பிபிஎம்முக்கு, அதாவது ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு, மேல் பாதரசம் இருந்ததாக 2019இல் அறிவித்தார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின்படி, இந்த அளவைத் தாண்டிய அழகுசாதனங்களைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் 2020உடன் நிறுத்த வேண்டும். 2023இல் ஜெனீவாவில் கூடியபோது அந்த 1 பிபிஎம் சலுகையையும் எடுத்துவிட முடிவு செய்தார்கள். சட்டம் வந்துவிட்டது. பொதியில் வருகிற டப்பாவை யார் திறந்து பார்ப்பது? நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

*விற்கிற சகோதர சகோதரிகளுக்கு*

உங்களில் பலர் வீட்டிலிருந்து கஷ்டப்பட்டு உழைக்கிற பெண்கள் என்று எனக்குத் தெரியும். கணவனை இழந்தவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளின் கிளாஸ் பீஸுக்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வயிற்றில் அடிக்க இதை எழுதவில்லை. நீங்கள் காய்ச்சிய தேங்காயெண்ணெயை நல்ல தேங்காயெண்ணெய் என்று சொல்லியே விற்கலாம். என்ன சேர்த்தீர்கள், எப்போது செய்தீர்கள் என்று எழுதி ஒட்டலாம். மொத்தமாக எடுத்து விற்கிற கிறீமாக இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு மொத்தமாகத் தந்தவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் விற்காதீர்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருந்ததைக் கண்டு ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். மேலே காய்ந்ததைக் காட்டி அடியில் ஈரத்தை மறைத்ததுதான் அங்கே குற்றம். லேபிள் இல்லாத டப்பாவில் நாங்கள் எதை மறைக்கிறோம் என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

*வீட்டுக்குள் பேச வேண்டியது*

"அழகாக இருக்க ஆசைப்படுவது தப்பா?" என்று கேட்டால், இல்லை. தன் விருப்பத்துக்கு, வசதி இருந்து, விவரம் தெரிந்து ஒரு பெண் டொக்டரிடம் போய்ச் சிகிச்சை எடுத்தால் அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பலர் ஆசையினால் வாங்குவதில்லை, பயத்தினால் வாங்குகிறார்கள். கட்டாரிலிருந்து அவர் வருவதற்கு முன்னால் வயிறு பழையபடி ஆக வேண்டும் என்ற பயம். நாற்பதுக்குள் வந்து பார்க்கிறவர்கள் "என்ன புள்ள, வகுறெல்லாம் இப்பிடிக் கிடக்கு" என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அப்படிச் சொல்கிற மாமிக்கும் மச்சிக்கும் அதே வரி அவர்களுடைய வயிற்றிலும் இருக்கும். சாரி மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

கணவன்மாரே, மனைவியைக் குறைத்துப் பேச நினைத்துச் சொல்லாத ஒரு பகிடி கூட இன்பொக்ஸ் டப்பாவில் போய் முடியலாம். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை போன்றவர்கள் என்று நிக்காஹ் மஜ்லிஸ்களில் கேட்டிருக்கிறோம். குறையை மறைப்பதும் குளிருக்குக் காப்பதும் ஆடையின் வேலை. உங்கள் பிள்ளைக்காக இழுபட்ட தோலைப் பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால், அதற்குச் சமமான கிறீம் எந்தப் பக்கத்திலும் விற்கப்படுவதில்லை.

*நான் கேட்பது இவ்வளவுதான்*

- கர்ப்ப காலத்தில் எதைப் பூசுவதாக இருந்தாலும் வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடமோ கிளினிக் டொக்டரிடமோ காட்டிவிட்டுப் பூசுங்கள். அவர்களுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

- தயாரித்தவர் பெயர், முகவரி, உள்ளடக்கம், திகதி, இறக்குமதியாளர் பெயர் இல்லாத கிறீமை வாங்காதீர்கள். அப்படி விற்பதைக் கண்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில் சொல்லலாம்.

- இப்படியொரு கிறீமை மாதக் கணக்கில் பூசி வந்திருந்தால், டப்பாவை எறிந்துவிடாமல் கையில் எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலையின் தோல் நோய் கிளினிக்குக்குப் போங்கள். திடீரென்று நிறுத்தும்போது தோல் சிவந்து எரியலாம். எப்படி நிறுத்துவது என்று டொக்டர் சொல்வார்.

- கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையாக அரித்தால், குறிப்பாக இரவில், வரி அரிப்பு என்று விட்டுவிடாதீர்கள். ஈரலோடு சம்பந்தப்பட்ட பிரச்சினையாக இருக்கலாம். பிள்ளைக்கு ஆபத்து வரலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

- கர்ப்பம் இல்லாமல், அகலமான ஊதா நிற வரிகள் திடீரென்று விழுந்து, முகமும் வயிறும் ஊதி, பிரஷரும் கூடினால் டொக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீரொயிட் மருந்தாலும் வரலாம், ஹோர்மோன் நோயாலும் வரலாம்.

- பெண் பிள்ளை வயதுக்கு வரும்போது, மற்ற விஷயங்களோடு சேர்த்து இதையும் உம்மாமார் சொல்லிக்கொடுங்கள். "உனக்கும் வரும், எனக்கும் வந்தது, இது நோயில்லை" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை டப்பா விற்கிறவரிடம் போய்க் கேட்கும்.

இதில் ஏதும் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். வெட்கமாக இருந்தால் சகோதரிகள் எனக்குத் தனியாக எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததற்கு எந்தக் கிளினிக்கில் கேட்கலாம் என்று விசாரித்துச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து டொக்டர்மார், மிட்வைஃப்மார் யாராவது இதை வாசித்தால், சேர்க்க வேண்டியதைக் கருத்தில் எழுதுங்கள். எங்கள் ஊர்த் தாய்மார் பலருக்கு அது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.